ஒரே கார், ஒரே நாள், மூன்று வேறு நேரம்: சூப்பர்சார்ஜர் காருக்கு முதல் செலவு எதில்?

காலையில் 12.4 விநாடி. வெயில் ஏறியதும் 12.9. நடுவில் ஒரு ஓட்டம் 12.6. சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பூட்டிய ரோட்டுக் காரைக் கால் மைல் டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நேர்கோட்டுப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் புதிதல்ல. கார் மெதுவாக ஓடுகிறது என்றால் அதைத் தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒரே நாளில் அரை விநாடி ஆடுகிற கார்தான் பணத்தைக் கரைக்கும். அதற்கு வைத்தியம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடு என்பார் ஒருவர், பெல்ட் வழுக்குகிறது என்பார் இன்னொருவர், மூன்றாமவர் டயரைக் காட்டுவார், நான்காமவர் டியூனரை (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளைத் திருத்துபவரை) மாற்றச் சொல்வார். நால்வர் சொல்வதும் எங்காவது ஒரு காரில் பலித்ததுதான்.

நேரம் ஓட்டத்தின் எந்தப் பகுதியில் ஆடுகிறது என்று பார்க்காமல் வாங்கும் பாகம் எதுவானாலும் அது குருட்டுச் செலவு என்பது என் கட்சி. முதல் 60 அடியில் தடுமாறும் காருக்கும், கடைசிக் கோட்டில் வேகம் குறையும் காருக்கும் வாங்க வேண்டிய பொருள்கள் அடியோடு வேறு. முக்கியமான தேர்வுகளை இந்தக் கண்ணோடு எடைபோட்டுப் பார்க்கிறேன்.

பேச ஒரு கார் வேண்டும். ஃபோர்டின் எஸ்விடி என்ற உயர்திறன் கார் பிரிவு 2003, 2004 மாடல் ஆண்டுகளில் விற்ற மஸ்டாங் கோப்ராவை எடுத்துக்கொள்கிறேன். 4.6 லிட்டர் வி8, இரும்பு பிளாக், அதன் மேல் ஈட்டன் எம்112 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர், சுமார் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு காற்றழுத்தம்), கம்பெனிக் கணக்கில் 390 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பின்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். இருபது வயதைத் தாண்டியும் அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்புகளில் இன்னும் தென்படுகிற கார். நேரம் ஆடுவதற்கான காரணங்கள் அத்தனையும் ஒரே வண்டியில் குடியிருப்பதால் இதைத் தேர்ந்தேன். சூடாகும் ரூட்ஸ், அழுத்திய காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர், சின்ன புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) போட்டால் வழுக்கும் பெல்ட், ஏவும்போது (நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது) குதிக்கும் பின்சக்கரம் என்று எதற்கும் குறைவில்லை.

சீட்டை முதலில் படியுங்கள்

ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் டைம் ஸ்லிப்பில் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைப்பவர்கள்தான் அதிகம். அதில் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி ஆகியவற்றைக் கடந்த நேரமும், எட்டில் ஒரு மைலிலும் கால் மைலிலும் இருந்த வேகமும் இருக்கும். ரியாக்‌ஷன் டைம் தனிக் கணக்கு. பச்சை விளக்கு எரிந்தபின் நீங்கள் ஒரு விநாடி தூங்கினாலும் ஓட்ட நேரம் மாறாது, முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் உள்ள ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

எடுத்துக்காட்டுக்கு மூன்று சீட்டுகள். முதலாவதில் 60 அடி 1.95 விநாடி, கால் மைல் 12.45, வேகம் மணிக்கு 114 மைல். இரண்டாவதில் 60 அடி 2.15, கால் மைல் 12.78, வேகம் அதே 114. மூன்றாவதில் 60 அடி 1.96, கால் மைல் 12.75, வேகம் 109.5. இரண்டாவதும் மூன்றாவதும் கடைசி எண்ணில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் என்ஜின் நலமாக இருக்கிறது, டயர்தான் பிடிக்கவில்லை. 60 அடியில் இழக்கும் 0.1 விநாடி கோட்டில் 0.15 முதல் 0.2 விநாடியாக வளரும் என்பது டிராக் ஸ்ட்ரிப்பில் எல்லாரும் சொல்லும் கணக்கு, இங்கே அது அப்படியே பொருந்துகிறது. மூன்றாவதில் டயர் ஒழுங்காகத்தான் பிடித்தது, குதிரைகள்தான் எங்கோ போய்விட்டன.

எத்தனை குதிரைகள் என்பதையும் தோராயமாகச் சொல்லலாம். கடைசிக் கோட்டு வேகத்தை 234-ஆல் வகுத்து, வந்ததைக் கனமாக்கி (மூன்றாம் அடுக்காக்கி), காரின் பவுண்டு எடையால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஓட்டுநரோடு 3,900 பவுண்டு எடை என்றால் 114 மைலுக்கு 450 குதிரைத்திறன், 109.5 மைலுக்கு 400. நாலரை மைல் வேகம் குறைந்தது என்றால் ஐம்பது குதிரை தொலைந்தது என்று பொருள். காற்று முகத்தில் அடித்தாலோ முதுகில் தள்ளினாலோ ஒரு மைல் முன்பின் ஆகலாம், நாலரை மைல் ஆகாது.

பாகங்களைக் குற்றம் சொல்லுமுன் வானிலையைக் கழித்துவிட வேண்டும். காலை 15 டிகிரி செல்சியஸ், பிற்பகல் 33 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி மட்டும் 6 சதவீதம் குறைகிறது. அதற்கே கால் விநாடியும் இரண்டு மைல் வேகமும் போகும். கடல் மட்டத்திலிருந்து 5,800 அடி உயரத்தில் டென்வர் அருகே 2023 வரை நடந்த பாண்டிமியர் ஸ்பீட்வேயில் ஓடிய நேரத்தைக் கடலோர ஸ்ட்ரிப்பின் நேரத்தோடு யாரும் நேரடியாக ஒப்பிடுவதில்லை. அதே நியாயத்தைக் காலைக்கும் பிற்பகலுக்கும் பொருத்தப் பலருக்கு மனம் வருவதில்லை. டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை உயரக் கணக்கில் சொல்லும் எண்) எவ்வளவு என்பதை ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் பேனாவால் எழுதிவையுங்கள். அதற்குக் காசு வேண்டாம், ஆட்டத்தில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

காசு செலவாகும் முதல் பொருள் என்று கேட்டால் ஒரு வைட்பேண்ட் சென்சாரும் (காற்று–எரிபொருள் விகிதத்தை அளப்பது) டேட்டா லாக், அதாவது ஓட்டத்தின் அளவுகளைப் பதிவு எடுக்கும் கருவியும்தான். என்ஜின் வேகம், பூஸ்ட், இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), நாக் (எரிபொருள் தவறாக வெடிப்பது) சென்சார் இருக்கும் கார் என்றால் அதன் சமிக்ஞை, எரிபொருள் அழுத்தம், காற்று–எரிபொருள் விகிதம் ஆகியவை பதிவாக வேண்டும். இது காரை ஒரு நூலளவுகூட வேகமாக்காது. அதனால்தான் இதை வாங்க எல்லாரும் தயங்குகிறார்கள்.

வெப்பம்: அதிகப் பேர் செலவழிக்கும் இடம்

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் தனக்குள் காற்றை அழுத்துவதில்லை, வாரி வாரி மேனிஃபோல்டுக்குள் (என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) தள்ளுகிறது. அழுத்தம் அங்கேதான் உருவாகிறது. எளிமையான, உறுதியான ஏற்பாடுதான், ஆனால் காற்றை அதிகம் சூடாக்கும். வெளியே 30 டிகிரி, பூஸ்ட் 10 பிஎஸ்ஐ, வெப்பத்திறன் 55 சதவீதம் என்று வைத்தால் காற்று 88 டிகிரி ஏறி 118 டிகிரியில் வெளியே வரும். 75 சதவீதத் திறன் உள்ள வேறு வகை என்றால் ஏற்றம் 65 டிகிரிதான். இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியை இறக்கிவிடும். இறக்க முடியாமல் போகும்போது கம்ப்யூட்டர் என்ஜினைக் காப்பாற்ற டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. சூடான காற்றின் அடர்த்திக் குறைவு ஒரு நஷ்டம், பின்வாங்கிய டைமிங் இன்னொரு நஷ்டம்.

ஆனால் சூடு எப்போது சேர்கிறது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 500 குதிரைத்திறன் தரும் என்ஜின் விநாடிக்கு ஏறத்தாழ 0.38 கிலோ காற்றை விழுங்கும். இன்டர்கூலர் அதை 60 டிகிரி குளிர்வித்தால் 12 விநாடி ஓட்டத்தில் தண்ணீருக்குள் போகும் வெப்பம் சுமார் 270 கிலோஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரை இது 13 டிகிரிதான் சூடாக்கும். மறுபக்கம், என்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜரும் மேனிஃபோல்டும் 25 கிலோ அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போய்வந்து, வரிசையில் அரைமணி நேரம் நின்று, கீழே 90 டிகிரியில் கொதிக்கும் என்ஜினால் அது 40 டிகிரி ஏறினால் அந்த உலோகத்துக்குள் 900 கிலோஜூல் தேங்கியிருக்கும். ஓட்டத்தின் வெப்பத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல். ஆக, உங்கள் ஓட்டத்தைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, ஓட்டத்துக்குமுன் நின்ற வரிசை.

இதை மனதில் வைத்துக்கொண்டு தேர்வுகளைப் பாருங்கள்.

பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்க முன்னால் பூட்டும் ரேடியேட்டர், கார் நகரும்போது நன்றாக வேலை செய்யும். நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் அருமையான செலவு. வரிசையில் நிற்கும் காருக்கு அதன் மேல் காற்றே வீசாது, விசிறி வைத்த மாடலாக இருந்தால் ஒழிய. எனவே டிராக் ஸ்ட்ரிப்பின் ஆட்டத்தைக் குறைக்கவே இதை வாங்குகிறேன் என்பவரிடம் விசிறி இல்லாததை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பனிக்கட்டி போடும் டேங்க் இதற்கு நேரெதிர். ஒரு கிலோ பனி உருகும்போது 334 கிலோஜூலை விழுங்குகிறது, ஒரு முழு ஓட்டத்தின் வெப்பத்துக்கு அதுவே போதும். நான்கைந்து கிலோ போட்டுப் பம்பை ஓடவிட்டால் தேங்கிய சூட்டையும் சேர்த்து இழுத்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே அளவு பனி, ஸ்டேஜ் ஆகுமுன் (தொடக்கக் கோட்டில் நிற்குமுன்) ஒரே நேரம் பம்ப் ஓட்டம் என்று ஒழுங்கு வைத்தால் கடைசிக் கோட்டு வேகம் ஆச்சரியப்படும்படி நிலைபெறும். குறை என்னவென்றால் டிக்கியில் டேங்க் வைத்தால் எடை, குழாய், கசிவு, வீடு திரும்புமுன் நீரை வடிக்கும் வேலை. பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் அடுத்து வருபவர் உயிருக்கு ஆபத்து, உங்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இவை இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இன்டர்கூலர் தண்ணீரைச் சுழற்றும் அந்தச் சின்ன மின் பம்ப். மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தத் தலைமுறை ஃபோர்டுகளில் இன்டர்கூலர் பம்ப் சத்தமில்லாமல் செத்துக் கிடப்பது அபூர்வம் இல்லை, குழாயில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்வதும் உண்டு. செத்த பம்புக்கு முன்னால் ஆயிரம் டாலர் ரேடியேட்டரைப் பூட்டி என்ன பயன்?

மெத்தனால் கலந்த தண்ணீரைத் தெளிக்கும் கிட்டுக்கு ஆதரவாளர்கள் அதிகம். ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், ஆக்டேனும் கூடும், வரிசையில் நின்ற சூட்டைப் பற்றிக் கவலைப்படாது. அதை நம்பி டைமிங்கை ஏற்றிவிட்டால்தான் சிக்கல். நாசில் அடைத்த அன்று, டேங்க் காலியான அன்று, என்ஜினுக்குப் பாதுகாப்பு எதுவும் இருக்காது. மெத்தனால் இல்லாமலும் தாங்கும் டியூனின் மேல் ஒரு கூடுதல் குளிர்ச்சியாக வைத்தால் ஏற்றுக்கொள்வேன். அதைச் சாக்காக வைத்து இன்னும் சின்ன புல்லி போடுவதற்கு என் ஓட்டு கிடையாது.

சூப்பர்சார்ஜரையே மாற்றுவது பெரிய செலவு. கோப்ராவுக்குக் கென் பெல், விப்பிள் போன்ற ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகைகளைப் பலர் போட்டிருக்கிறார்கள். அதே பூஸ்டுக்குக் குறைந்த சூடு, அது உண்மை. ஆனால் அப்படி மாற்றியவர் அதே பூஸ்டில் நிற்பதில்லை, 18 பிஎஸ்ஐக்குப் போய்விடுவார், சூடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வோர்டெக், புரோசார்ஜர் போன்ற சென்ட்ரிஃபியூகல் வகை என்ஜினின் முன்பக்கம் ஒதுங்கி உட்கார்வதால் தேங்கும் சூடு குறைவு. கீழ் வேகத்தில் பூஸ்ட் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருப்பதால் ஏவும்போது டயருக்கும் அது சாதுவானது. நேரம் ஆடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே குறி என்றால், ரோட்டுக் காருக்கு என் கண்ணில் இதுவே மேல். பச்சை எரிந்ததும் முதுகில் விழும் அடி வேண்டும் என்பவருக்கு இது ரசிக்காது.

கார் கம்பெனிகளும் வரிசையில் நிற்கும் சூட்டைத்தான் எதிரியாகப் பார்க்கின்றன. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் ஏசியின் குளிர்வாயுவைத் திருப்பி இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு வைத்தார்கள். என்ஜினை அணைத்தபின்னும் பம்பும் விசிறியும் ஓடும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ சான்றளித்த 9.65 விநாடி நேரத்தை அந்தக் கார் எட்டியதில் 840 குதிரைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பம்பைப் பற்றிப் பேசுவதில்லை. இருபது ரூபாய் யோசனையாக இதில் திருட ஏதாவது உண்டா என்றால் உண்டு. என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை ஆன் நிலையில் வைத்தோ, தனி சுவிட்ச் போட்டோ இன்டர்கூலர் பம்பை ஓடவிடலாம். பேட்டரியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்: மலிவானது, ஆனால் யாரும் சந்தேகிப்பதில்லை

வேகத்தில் குறையும் காருக்கு இரண்டாவது சந்தேக நபர் பெல்ட். என் அனுபவத்தில் சின்ன புல்லி போட்ட கார்களில் இவன்தான் முதல் ஆள்.

புல்லி சிறியதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏறும். அதே சமயம் அதைச் சுற்றத் தேவையான திறனும் ஏறும். மேலே சொன்ன 500 குதிரை என்ஜினில் 10 பிஎஸ்ஐக்குச் சுமார் 45 குதிரைத்திறன் பெல்ட் வழியாகப் போகிறது. 14 பிஎஸ்ஐ ஆனால், வெப்பத்திறன் சற்றுக் குறைந்து 50 சதவீதமாகிவிட்ட ரூட்ஸுக்கு அது 65 ஆகிறது. பளு கூடிய அதே வேளையில் பெல்ட் தழுவிப்பிடிக்கும் பரப்பு சுருங்கிவிட்டது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க கம்பெனி கொடுத்த டென்ஷனரின் ஸ்பிரிங் பழைய கணக்குக்குச் செய்தது. புல்லி மாற்றிய அன்று டைனோவில் (திறன் அளக்கும் மேடையில்) எல்லாம் சரியாக இருக்கும், புது பெல்ட் அல்லவா! இரண்டு மாதம் கழித்து, பெல்ட் பளபளப்பேறி, வெயிலில் சூடேறியபின் ஆட்டம் ஆரம்பமாகும்.

லாக்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ரூட்ஸ் என்றால் பூஸ்ட் கோடு 3,000 முதல் 6,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) வரை ஏறத்தாழ மட்டமாகப் போக வேண்டும். 5,000-க்கு மேல் இரண்டு மூன்று பிஎஸ்ஐ சரிந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது உள்ளே வரும் காற்றுக்கு வழி அடைத்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. அழுக்கு ஃபில்டரும் ஒடுக்கமான குழாயும் எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி சரிவைக் காட்டும். பெல்ட் ஒரு ஓட்டத்தில் சரியும், அடுத்ததில் சரியாது, கியர் மாற்றியதும் சரிந்து பிறகு பிடித்துக்கொள்ளும். சென்ட்ரிஃபியூகல் வகையில் கோடு மட்டமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், அங்கே அது மேலேறிக்கொண்டே போக வேண்டும். பானெட்டின் அடியில் கருப்புத் தூள் படிந்திருந்தால் லாக்கே வேண்டாம்.

புது பெல்ட் மலிவு, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். பூஸ்ட் கோடு நிமிர்ந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. நிலையான தீர்வு பெல்ட்டின் தழுவலைக் கூட்டும் கூடுதல் ஐட்லர் புல்லி. கெட்டியான டென்ஷனரைவிட இதையே நான் முன்வைப்பேன், ஏனென்றால் இழுவையைக் கூட்டினால் சூப்பர்சார்ஜரின் முன் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும். பல்வைத்த பெல்ட்டுக்கு மாறினால் வழுக்கல் அடியோடு போகும், சத்தமும் அதிர்ச்சியும் வரும். ரோட்டுக் காருக்கு அது அளவுக்கு மீறியது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் பெல்ட் டிரெஸ்ஸிங்கைத் தொடவே வேண்டாம், தூசியை ஒட்டிக்கொண்டு நிலைமையை மோசமாக்கும்.

60 அடி ஆடினால்

இங்கே என்ஜின் பாகம் எதையும் வாங்காதீர்கள். சாதாரண ரோட்டு டயரில் 450 குதிரைத்திறன் உள்ள காரை நிலையாக ஏவுவது ஓட்டுநரின் கைவண்ணத்தைப் பொறுத்தது. அது நாளுக்கு நாள் மாறும். டிராக் ரேடியல் (டிராக் ஸ்ட்ரிப்புக்கென்று செய்த ஒட்டும் டயர்) போட்டால் அந்த ஆட்டம் பாதியாகக் குறையும், அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. அழுத்தம் 16 முதல் 20 பிஎஸ்ஐக்குள் எங்கே உங்கள் கார் பிடிக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், வெயில்பட்ட பக்கம் நிழல்பட்ட பக்கம் இரண்டையும் அளந்து சமப்படுத்துங்கள். பர்ன்அவுட்டும் (ஓட்டத்துக்குமுன் டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) ஒரே அளவாக இருக்கட்டும். புகை போட்டோவுக்கு நன்றாக இருக்கும், டிராக் ரேடியலுக்கு அவ்வளவு தேவையில்லை. பிற்பகல் வெயிலில் பாதை வெந்து, ஒட்டும் கலவை இளகி, பிடி நழுவுவதும் உண்டு. அப்போது ஏவும் ஆர்பிஎம்மைக் குறைப்பதுதான் வழி.

ஸ்டேஜ் ஆவதிலும் ஒரு சூட்சுமம். இரண்டாவது விளக்கு எரிந்த கணத்தில் நின்றால் சக்கரம் ஒளிக்கதிரை விடுமுன் கார் சற்று உருண்டு வேகம் பிடித்துவிடும், நேரம் குறையும். இன்னும் முன்னால் தள்ளி நின்றால் அந்தச் சலுகை போகும். ஒரு ஓட்டத்தில் இப்படி, அடுத்ததில் அப்படி நின்றால் சில நூறில் ஒரு பங்கு விநாடிகள் காரணமின்றி ஆடும்.

கோப்ராவுக்கே உரிய தொல்லை பின்சக்கரக் குதிப்பு. டயர் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு அடிக்கும் அந்த அதிர்ச்சியில் 60 அடி நேரமும் போகும், ஆக்சில் ஷாஃப்டும் போகும். இதற்கு இரண்டு பாதை. ஒன்று, இருக்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனுக்குக் கெட்டியான புஷ்களும் (மூட்டுகளில் வைக்கும் உறைகள்) டிஃபரன்ஷியல் பிடிமானங்களும் போடுவது. மற்றது, சாதாரண மஸ்டாங்கின் திட ஆக்சிலையே தூக்கி வைப்பது. டிராக் ஸ்ட்ரிப்புக்கு இரண்டாவதே உறுதி, விவாதமே இல்லை. ஆனால் அந்தக் காரை அந்தக் காராக்கிய விஷயங்களில் ஒன்று அந்தப் பின் சஸ்பென்ஷன். மாதம் ஒரு முறை ஸ்ட்ரிப்புக்கும் மற்ற நாளெல்லாம் வளைவுச் சாலைக்கும் போகிறவர் புஷ் போட்டு, ஏவும் ஆர்பிஎம்மைக் குறைத்துக்கொள்வதே நல்லது. சின்னதாக 0.1 விநாடி போகட்டும்.

டயர் நன்றாகப் பிடிக்கத் தொடங்கியதும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். மூன்றாவது, நான்காவது கியரில் கார் வேகத்துக்குப் பொருந்தாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் அதுதான். இது 60 அடியில் அகப்படாது, கடைசி வேகத்தில் அகப்படும், சூப்பர்சார்ஜரின் தலையில் பழி விழும்.

எரிபொருளும் தீப்பொறியும்

இவை ஆட்டத்தைவிட ஆபத்தைத்தான் அதிகம் தருகின்றன. மூன்றாவது கியரின் முடிவில் காற்று–எரிபொருள் விகிதம் 11.6-லிருந்து 12.8-க்கு நகர்ந்தால், அதாவது பெட்ரோல் குறைந்தால், அன்றைக்கு அடுத்த ஓட்டம் வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். கால் டேங்க்குக்குக் கீழே இருந்தால் ஏவும்போது பெட்ரோல் பின்பக்கம் ஓடிவிடும், எடை குறைக்க ஆசைப்பட்டு இதில் மாட்டுகிறவர்கள் உண்டு. கோப்ராவில் டேங்குக்குள்ளேயே இரண்டு பம்புகள், திரும்பும் குழாய் இல்லாத மின்னணுக் கட்டுப்பாடு. பெரிய பம்ப் வாங்குமுன் அதற்குப் போகும் வோல்டேஜை அளந்து பாருங்கள், சோர்ந்த ஆல்டர்னேட்டரும் பழைய வயரும் புதுப் பம்பையும் பட்டினி போடும்.

ஈ85 (எத்தனால் கலந்த எரிபொருள்) போட்டால் குளிர்ச்சியும் நாக்கிங் எதிர்ப்பும் அள்ளித் தரும். ஆனால் அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் அந்தப் பெயரில் விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை பருவத்துக்கேற்ப மாறலாம். எத்தனால் அளவை அளக்கும் ஃப்ளெக்ஸ் சென்சார் இல்லாமல் அதற்கு மாறுவது ஆடும் காரை இன்னும் ஆடவைக்கும். கலிபோர்னியாவில் 91 ஆக்டேன், கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 93 கிடைக்கும். எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்ததோ அதையே ஊற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி அதிகமாக இருந்தால் பூஸ்டில் தீப்பொறி அணையும், அதுவும் சூடான ஓட்டத்தில் மட்டும். 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கினால் பெரும்பாலும் தீரும். கருவி ஒன்று, மாலை நேரம் ஒன்று போதும்.

மறு டியூனிங்கைக் கடைசியில் வைக்கிறேன்

வழுக்கும் பெல்ட்டோடு, செத்த பம்போடு, குறையும் எரிபொருள் அழுத்தத்தோடு டைனோவுக்குப் போனால் டியூனர் அந்தக் கோளாறுகளுக்கு ஏற்றபடி எண்களைத் திருத்தித் தருவார். பிறகு பெல்ட்டைச் சரிசெய்த அன்று பூஸ்ட் கூடிவிடும், டியூன் பழைய பூஸ்டுக்கு எழுதியது. அதனால் பாகங்களின் ஆரோக்கியம் உறுதியான பின்தான் டியூனிங். அப்போதும் உச்சத் திறனைக் கேட்காதீர்கள். காற்றின் வெப்பநிலை ஏறும்போது டைமிங்கை எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதைக் கேளுங்கள். குளிர்ந்த என்ஜினில் பத்து குதிரை குறைவாகவும் சூடான என்ஜினில் முப்பது குதிரை அதிகமாகவும் தரும் டியூன் டைனோ தாளில் அழகாக இருக்காது, நாள் முழுக்க ஒரே நேரம் ஓடும்.

என்னிடம் ஒரு கோப்ராவும் அளவான பணமும் தந்தால் லாக்கர், புது பெல்ட்டும் ஐட்லரும், டிராக் ரேடியல், பம்ப் சுவிட்சும் பனி டேங்கும், அதன்பின் டியூன் என்ற வரிசையில் போவேன். ஹீட் எக்ஸ்சேஞ்சரை ரோட்டுக்காக வாங்குவேன், ஸ்ட்ரிப்புக்காக அல்ல. சூப்பர்சார்ஜரை மாற்றும் பணத்தைத் தொடமாட்டேன்.

ஒரு செலவை மட்டும் இந்த ஒப்பீட்டில் யாரும் சேர்ப்பதில்லை. நேரம் நிலைபெறும்போது குறையவும் செய்யும். என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99 விநாடிக்குள் ஓடினாலே ஹெல்மெட் வேண்டும், 11.49-க்குள் வந்தால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் காக்கும் உலோகச் சட்டம்) வேண்டும், கூரை திறக்கும் கார் என்றால் அந்த ரோல் பார் 13.49-லேயே வந்துவிடும். 2008-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும் தந்த தளர்வு 2003 கோப்ராவுக்குக் கிடையாது. கூரை திறக்கும் கோப்ரா வைத்திருப்பவர் மேலே சொன்ன 12.4-ஐ ஓடுமுன்னரே ரோல் பாருக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும், அதுவும் பெல்ட்டுக்கு முன்னால்.